ஊசியும் சொட்டு மருந்தும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

நோய் வந்த பின் மருந்து தேடி அலைவதை விட, நோய் வராமல் காத்துக் கொள்வதே சிறந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதற்காகவே விழுப்புரத்திலும், திண்டிவனத்திலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் புதன்கிழமை தோறும் தாய்மார்கள் கைக்குழந்தைகளுடன் சுகாதார நிலையங்களுக்கு வந்து காத்திருக்கிறார்கள். அங்கே ஆறு வாரக் குழந்தை ஒன்றுக்கு நடப்பதைக் கவனியுங்கள். இளம்பிள்ளை வாதம் என்னும் ஒரே நோயைத் தடுப்பதற்காக வாயில் இரண்டு சொட்டு மருந்தும் விடுகிறார்கள். கையில் ஓர் ஊசியும் போடுகிறார்கள்.

“ஒரு நோய்க்கு எதற்கு இரண்டு மருந்து? சொட்டு மருந்து ஒன்று போதாதா? பச்சைப் பிள்ளையை ஊசியால் ஏன் குத்த வேண்டும்?” என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. “ஊசிதான் வலுவானது, சொட்டு மருந்து எதற்கு?” என்று கேட்கும் தந்தையரும் உண்டு. இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். விடை தெரியாத காரணத்தால் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் துன்பப்படப் போவது குழந்தையல்லவா? ஆகவே அதற்குரிய விடையை இக்கட்டுரையில் காண்போம். அந்த விடையின் ஒரு பகுதி பன்றிக் கொட்டிலில் கிடைத்தது என்றால் நீங்கள் வியப்படைவீர்கள்!

குடல் என்னும் கோட்டை வாயில்

நம் உடலை ஒரு கோட்டை என்று வைத்துக் கொள்வோம். தோல் அதன் மதில் சுவர். ஆனால் உணவும் நீரும் உள்ளே வர வேண்டுமே! அதற்கான வாயில் வாயும் குடலும் ஆகும். அந்த வாயில் வழியாக உணவோடு கிருமிகளும் உள்ளே நுழைகின்றன. எனவேதான் நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பகுதியை இறைவன் குடலைச் சுற்றியே காவலுக்கு வைத்திருக்கிறார். சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே சிறு திட்டுகள் காணப்படுகின்றன. 17-ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பேயர் என்பவரின் பெயரால் அவை ‘பேயர் திட்டுகள்’ எனப்படுகின்றன. உள்ளே வரும் கிருமிகளை அடையாளம் கண்டு, எதிர்ப்பு அணுக்களுக்குப் பாடம் கற்பிக்கும் பள்ளிக்கூடங்கள் இவையே எனலாம்.

கிருமிகளை எதிர்க்க உடல் தயாரிக்கும் பொருளுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். இதில் பல வகைகள் உண்டு. இக்கட்டுரைக்கு இரண்டு வகைகளை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டால் போதும். ஒன்று ‘ஜி’ வகை. இது பெரும்பாலும் இரத்தத்தில் சுற்றிவரும். மற்றொன்று ‘ஏ’ வகை. இது குடலின் உட்புறச் சளிப்படலத்திலும், கண்ணீரிலும், உமிழ்நீரிலும், தாய்ப்பாலிலும் சுரக்கும். செரிமான நீரில் எளிதில் சிதைந்து விடாதபடி இதற்கென்று ஒரு கவசமும் உண்டு. சுருங்கச் சொன்னால், ‘ஜி’ வகை கோட்டைக்குள் ரோந்து சுற்றும் வீரன். ‘ஏ’ வகை வாசலில் நிற்கும் காவலன்.

தசையில் போடும் ஊசி, இரத்தத்தில் ‘ஜி’ வகையை நிறைய உண்டாக்குகிறது. ஆனால் வாசற்காவலனை அது அவ்வளவாக எழுப்புவதில்லை. குடலில் உள்ள பள்ளிக்கூடத்திற்குப் பாடம் போய்ச் சேர வேண்டுமானால், மருந்து குடல் வழியே செல்ல வேண்டும். இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டியவை பன்றிகள்.

பன்றிக்குட்டிகள் கற்பித்த பாடம்

பன்றி என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்போம். விவிலியத்தில் ஊதாரி மைந்தன் பன்றி மேய்த்ததைக்கூட அவன் அடைந்த தாழ்வின் எல்லையாகத்தான் படிக்கிறோம். ஆனால் பன்றியின் குடல் பல வகைகளில் மனிதக் குடலை ஒத்தது. ஆதலால் மருத்துவ ஆராய்ச்சியில் அதற்குத் தனி இடம் உண்டு. நம் மாநிலத்திலும் சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றிகள் வளர்க்கப்படுகின்றன.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பன்றிகளின் குடல் நோய் ஒன்று முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வைரஸால் வரும் இந்நோய் தாக்கினால் பன்றிக்குட்டி வாந்தி எடுக்கும், தண்ணீராகக் கழியும். பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகள் நோய் கண்ட சில நாட்களுக்குள் ஏறக்குறைய எல்லாமே மடிந்து போகும். உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளை வைரஸ் அழித்து விடுவதே இதற்குக் காரணம்.

இங்கே ஒரு செய்தியைத் தெரிந்து கொள்ள வேண்டும். மனிதக் குழந்தை கருவில் இருக்கும் போதே தாயின் ‘ஜி’ வகை எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி வழியாகப் பெற்று விடுகிறது. பன்றிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாயின் இரத்தத்திற்கும் குட்டியின் இரத்தத்திற்கும் இடையே ஆறு அடுக்குத் திசுக்கள் இருப்பதால் எதிர்ப்பொருள் கடந்து வர முடிவதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த முதல் நாளில் அது குடிக்கும் சீம்பாலே அதன் முதல் சொத்து. சீம்பாலில் உள்ள எதிர்ப்பொருளைக் குட்டியின் குடல் அப்படியே இரத்தத்தில் சேர்த்துக் கொள்ளும். சுமார் ஒன்றரை நாளில் அந்த வழி அடைபட்டு விடும். அதன் பிறகு பாலில் வரும் எதிர்ப்பொருள் குடலுக்குள் நின்று வேலை செய்யுமே தவிர இரத்தத்தில் கலக்காது.

குட்டிகளைக் காக்கத் தாய்ப்பன்றிக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் பெருகியது, சீம்பாலிலும் இருந்தது. ஆயினும் குட்டிகளுக்கு நோய் வந்தது. ஆனால் நோய் கண்டு பிழைத்த தாய்ப்பன்றியின் குட்டிகளோ நலமாக இருந்தன! இது என்ன விந்தை?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஊஸ்டர் என்னும் ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்டு போல், லிண்டா சைஃப் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டனர். ஊசி போட்ட தாயின் பாலில் இருந்தது பெரும்பாலும் ‘ஜி’ வகை. சீம்பால் நின்றதும் அது மிகவும் குறைந்து போயிற்று. குடல் வழியாக வைரஸைச் சந்தித்த தாயின் பாலிலோ ‘ஏ’ வகை நாள்தோறும் சுரந்து கொண்டிருந்தது. தாயின் குடலில் பாடம் கற்ற அணுக்கள், இரத்தத்தில் பயணம் செய்து பால்மடியில் போய்த் தங்கி, அங்கே ‘ஏ’ வகை எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. பன்றிக்குட்டி ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் அதன் குடலின் உட்சுவரில் புதிய காவல் பூசப்படுகிறது. லிண்டா சைஃப் அம்மையார் கால்நடை வைரஸ் ஆராய்ச்சிக்காக 2015-ஆம் ஆண்டில் ‘உல்ஃப்’ பரிசு பெற்றார் என்பது பெண்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

இதனால் ஊசியே பயனற்றது என்று எண்ணி விடக்கூடாது. பன்றிக்குட்டிகளுக்கு ‘ஈ. கோலி’ என்னும் பாக்டீரியாவாலும் வயிற்றுப்போக்கு வரும். பிறந்த சில நாட்களில் வரும் இந்நோய்க்கு, சினையாக இருக்கும் தாய்ப்பன்றிக்கு ஊசி போட்டாலே குட்டிகள் சீம்பாலின் மூலம் பாதுகாப்புப் பெறுகின்றன. ஆனால் பால் மறந்த பின் வரும் ‘ஈ. கோலி’ கழிச்சலுக்கு இது உதவாது. ஏனெனில் அப்போது தாய்ப்பால் இல்லை. குட்டியின் குடல் தானே காவலனைத் தயாரித்தாக வேண்டும். அதற்காகச் சில நாடுகளில் நோய் உண்டாக்காத உயிருள்ள ‘ஈ. கோலி’யைக் குட்டிகளுக்கு வாய் வழியாகவோ குடிநீரில் கலந்தோ கொடுக்கிறார்கள். அவ்வேளையில் ஆன்டிபயாடிக் மருந்து கொடுக்கக்கூடாது. கொடுத்தால் தடுப்பு மருந்தில் உள்ள பாக்டீரியாவே இறந்து விடும்.

ஆக, எந்த மருந்து என்பது மட்டும் முக்கியமன்று. யாருக்கு, எப்போது, எந்த வழியில் என்பதும் முக்கியம்.

இளம்பிள்ளை வாதம்: இரண்டு மருந்துகளின் கதை

இனி நம் குழந்தைகளிடம் வருவோம். இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கும் நோய் என்பதால் அது நரம்பில் தோன்றும் நோய் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வைரஸ் வாய் வழியே நுழைந்து முதலில் குடலில்தான் பெருகுகிறது. பிறகு சிலருக்கு இரத்தத்தில் கலந்து நரம்புகளைத் தாக்குகிறது. வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கே வாதம் ஏற்படும். மற்றவர்கள் நலமாகவே காணப்படுவார்கள். ஆனால் அவர்களுடைய மலத்தின் வழியே வைரஸ் வெளியேறித் தண்ணீரிலும் கைகளிலும் பரவும்.

இந்நோய்க்கு எதிராக 1955-இல் ஜோனாஸ் சால்க் கண்டுபிடித்த ஊசி மருந்து பயனுக்கு வந்தது. அதில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். 1960-களின் தொடக்கத்தில் ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்து வந்தது. அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். ஊசி மருந்து இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, வைரஸ் நரம்பை எட்டாமல் தடுக்கிறது. ஆகவே ஊசி போட்ட குழந்தையின் கால்கள் பிழைக்கும். ஆனால் அதன் குடலில் வைரஸ் வந்து தங்கிப் பெருகி வெளியேறக்கூடும். சொட்டு மருந்தோ குடலிலேயே பெருகி, குடலிலேயே பாடம் நடத்தி, வாசலிலேயே காவலை அமைக்கிறது.

2013-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2005 முதல் ஊசி மட்டுமே போட்டு வந்தார்கள். 2013-இல் அந்நாட்டுச் சாக்கடை நீரில் வாத வைரஸ் காணப்பட்டது! ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. ஊசி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. ஆனால் குடலிலிருந்து குடலுக்கு வைரஸ் ஓசையின்றிப் பரவிக் கொண்டிருந்தது. உடனே அந்த அரசு குழந்தைகளுக்கு மீண்டும் சொட்டு மருந்து கொடுத்தது.

வேலூர் காட்டிய வழி

அப்படியானால் சொட்டு மருந்து மட்டும் போதுமா? இதற்கு விடை சொல்ல நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள வேலூருக்குச் சென்றால் போதும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் நிபுணராக இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அவர்கள், மேலை நாடுகளில் மூன்று தவணையில் நன்கு வேலை செய்யும் சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு அதே அளவில் பலன் தருவதில்லை என்பதை 1970-களின் தொடக்கத்திலேயே எடுத்துக் காட்டினார். நம் குழந்தைகளின் குடலில் வேறு பல கிருமிகள் ஏற்கெனவே இடம் பிடித்திருப்பது இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. கூச்சல் மிகுந்த வகுப்பறையில் ஆசிரியை நடத்தும் பாடம் காதில் விழுமா?

பாடம் ஏறாவிட்டால் மறுபடியும் நடத்துவதுதானே வழி? தவணைகளைக் கூட்டவும், ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கவும் வேண்டும் என்ற முறை வேலூர் நகரில் செய்து பார்க்கப்பட்டது. அதனால் நோய் கட்டுப்பட்டதை 1983-இல் வெளியிட்டார்கள். இதே முறையில்தான் 1995 டிசம்பரில் நாடெங்கும் ‘பல்ஸ் போலியோ’ நாள் தொடங்கியது. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததே இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசி இளம்பிள்ளை வாதம். 2014 மார்ச் 27 அன்று நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி இந்நோயற்றது எனச் சான்று பெற்றது.

வெற்றிக்குப் பின்னும் ஒரு கவலை இருந்தது. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ் அல்லவா? மருந்து பெறாத குழந்தைகள் மிகுந்த இடத்தில் அது நீண்ட காலம் குடலுக்குக் குடல் பரவினால், இழந்த வலிமையை மீண்டும் பெற்று நோய் உண்டாக்கக் கூடும். இது அரிதே என்றாலும் உண்மை. வாத வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை இயற்கையில் ஒழிந்து விட்டதால், 2016 ஏப்ரலில் அந்த வகை சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. நம் நாட்டில் 2015 இறுதியிலிருந்து ஊசியும் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

முன்பே சொட்டு மருந்து பெற்ற குழந்தைக்கு ஊசி போட்டால் குடலுக்கு ஏதேனும் பயன் உண்டா என்பதையும் வேலூரிலேயே 2013-இல் சோதித்தார்கள். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள 450 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஊசி போட்டார்கள்; மற்றவர்களுக்குப் போடவில்லை. பின்னர் அனைவருக்கும் சொட்டு மருந்து கொடுத்து, ஏழாம் நாள் மலத்தைச் சோதித்தார்கள். ஊசி போடாதவர்களில் 19 சதவீதத்தினர் முதல் வகை வைரஸையும், 26 சதவீதத்தினர் மூன்றாம் வகை வைரஸையும் வெளியேற்றினார்கள். ஊசி போட்டவர்களில் இது 12 சதவீதமாகவும் 8 சதவீதமாகவும் குறைந்திருந்தது!

தசையில் போட்ட ஊசி குடலுக்கு எப்படி உதவியது? குடல் முன்பே சொட்டு மருந்திடம் பாடம் படித்திருந்தது. ஊசி அதற்குத் திருப்புதல் நடத்தியது. படிக்காத பாடத்தைத் திருப்ப முடியாது. படித்ததைத் திருப்பாவிட்டால் மறந்து போகும். தேர்வுக்குப் படிக்கும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? சுகாதார நிலையத்தில் கேட்கப்படும் கேள்விக்கு விடையும் இதுவே. சொட்டு மருந்து வாசலைக் காக்கிறது. ஊசி நரம்பைக் காக்கிறது. வாசற்காவலன் அயர்ந்தால் அவனையும் தட்டி எழுப்புகிறது.

தோலில் ஒரு சிறு துளி

இந்த ஊசியிலும் ஒரு புதுமை உண்டு. தசையில் போடுவதற்கு 0.5 மில்லிலிட்டர் மருந்து தேவை. 2016-இல் உலகெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்ட போது, தமிழகம் உள்ளிட்ட சில மாநிலங்களில் அதில் ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லிலிட்டரை மட்டும் தோலுக்குள் போடும் முறை கொண்டு வரப்பட்டது. தோலில் கிருமியை இனம் காணும் காவல் அணுக்கள் நிறைய இருப்பதால் சிறு அளவே போதுமானதாகிறது. தசையில் ஒரு முழு அளவு போடுவதை விட, தோலில் இரண்டு சிறு அளவுகள் போட்டால் அதிகக் குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. 6-ஆம் வாரத்திலும் 14-ஆம் வாரத்திலும் இது போடப்படுகிறது. 2023 முதல் 9-ஆம் மாதத்தில் மூன்றாவது தவணையும் சேர்ந்துள்ளது.

ரோட்டா வைரஸ்

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்கு ஒரு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். இதை 1973-இல் குழந்தைகளிடம் கண்டறிந்தவர் ஆஸ்திரேலியாவின் ரூத் பிஷப் அம்மையார். இது குடலை விட்டு அதிகம் வெளியே செல்லாத நோயாதலால் இதற்கான தடுப்பு மருந்து வாய் வழியாகவே கொடுக்கப்படுகிறது. டெல்லியில் பிறந்த குழந்தை ஒன்றிடம் கண்டெடுத்த வைரஸிலிருந்து நம் நாட்டிலேயே ஒரு மருந்து உருவாகி, டெல்லி, பூனா, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டது. வேலூரில் இப்பணியில் ஈடுபட்ட டாக்டர் ககன்தீப் காங் அம்மையார் 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தமிழகத்தில் 2017 முதல் ரோட்டா மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.

இம்மருந்து நம் நாட்டில் கடுமையான ரோட்டா நோயை ஏறக்குறைய 55 சதவீதம் தடுக்கிறது. செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் இதைவிட மிக அதிகப் பலன் தருகின்றன. குறை மருந்தில் மட்டும் இல்லை. அசுத்தமான நீரும், சத்துக்குறைவும், ஓயாத குடல் தொற்றும் நம் குழந்தைகளின் குடலைப் பாடம் ஏற்க முடியாத நிலையில் வைத்திருக்கின்றன. எனவே மருந்தோடு சுத்தமும் சேர்ந்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

தோழியரே! நம் வீட்டிலும் தெருவிலும் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். படித்த அக்காவாக நாம் அவர்களுக்குச் செய்யக்கூடியவை பல.

1. தடுப்பூசி அட்டையைப் பார்த்து, ஒரு தவணையும் விடுபடாமல் நினைவூட்ட வேண்டும்.

2. சொட்டு மருந்தும் வேண்டும், ஊசியும் வேண்டும் என்பதை அம்மாவிடமும் பாட்டியிடமும் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

3. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதைத் தடுக்க வேண்டும். பன்றிக்குட்டியைப் போல் நம் குழந்தை வெறுங்கையோடு பிறப்பதில்லை. ஆயினும் வாசற்காவலனாகிய ‘ஏ’ வகை எதிர்ப்பொருள் அதற்குச் சீம்பாலிலிருந்துதான் கிடைக்கிறது.

4. சொட்டு மருந்து கொடுத்தவுடன் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்னும் அச்சம் தேவையற்றது. தாராளமாகக் கொடுக்கலாம்.

5. கழிப்பறையைப் பயன்படுத்துவதும், சோப்பினால் கை கழுவுவதும், காய்ச்சி ஆறிய நீரைப் பருகுவதும் தடுப்பு மருந்துக்குத் துணை நிற்கும்.

முடிவுரை

பகைவன் எந்த வழியே வருகிறானோ அந்த வழியில் காவல் வைப்பதே அறிவுடைமை. குடல் வழியே வரும் நோய்க்குக் குடலில் காவல் வேண்டும். இரத்தத்தில் புகும் நோய்க்கு இரத்தத்தில் காவல் வேண்டும். இரண்டிலும் நுழையும் நோய்க்கு இரண்டு காவலும் வேண்டும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஊசி முதலில் காப்பது போட்டுக் கொண்ட குழந்தையை. குடலில் அமையும் காவலோ அடுத்த வீட்டுக் குழந்தையையும் சேர்த்துக் காக்கிறது. ஏனெனில் நோய்க்கிருமி அங்கே பரவாமல் இங்கேயே நின்று விடுகிறது. நாள்தோறும் மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்கும் பிறரன்பு என்னும் சொல்லுக்கு, ஒரு தாய் தன் குழந்தையின் வாயில் ஏற்கும் இரண்டு சொட்டு மருந்தும் ஓர் உதாரணமே. அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்தில் யாரேனும் “எதற்கு இரண்டு?” என்று கேட்டால், அதற்கு அன்பும் அறிவும் கலந்த விடை கூறுவோமாக!